விருந்தோம்பல் அல்ல, குடிவைப்பு

பவானியில் ஜமுக்காளம் விற்கும் நண்பர் ஒருவரின் இணையதளம் அண்மையில் காணாமல் போய்விட்டது. மூன்று வாரமாகத் தளம் திறக்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் போனில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவருடைய மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். தமிழிலேயே மூன்று கடிதங்கள் கிடந்தன. “உங்கள் விருந்தோம்பல் விரைவில் காலாவதியாகும்.” “உங்கள் விருந்தோம்பலைப் புதுப்பிக்கவும்.” “உங்கள் விருந்தோம்பல் நிறுத்தப்பட்டது.” ஏதோ ஓட்டல் விளம்பரம் என்று நினைத்து மூன்றையும் ஒதுக்கிவிட்டாராம். அவர்மேல் என்ன பிழை? தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். அந்த மூன்று வாரத்தில் எத்தனை பேர் தளத்தைத் தேடி வந்து திரும்பிப் போனார்களோ!

இணையதளத்துக்கு வாடகைக்கு இடம் கொடுக்கும் ‘ஹோஸ்டிங்’ என்பதற்கு ‘விருந்தோம்பல்’ என்று எழுதுவதை ரசீதிலும் உதவிக் குறிப்பிலும் பயிற்சித் தாளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை.

சொல்லின் வேர் எளியது. லத்தீனில் ‘ஹோஸ்பெஸ்’ என்றால் விருந்தினரும் உண்டு, விருந்து கொடுப்பவரும் உண்டு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ஹோஸ்ட்’ ஆனது. கணினி உலகம் அதை எடுத்துக்கொண்டது வலை பிறப்பதற்கு வெகு முன்பு. 1969 ஏப்ரல் 7 அன்று கணினியியலாளர் ஸ்டீவ் குரோக்கர் எழுதிய, இணைய வரையறைகளைப் பதியும் ஆர்எஃப்சி வரிசையின் முதல் குறிப்பாவணத்தின் தலைப்பே ‘ஹோஸ்ட் சாஃப்ட்வேர்’. அங்கே ஹோஸ்ட் என்றால் வலைப்பின்னலில் இணைந்த கணினி, அவ்வளவுதான். அதில் இலையும் இல்லை, சோறும் இல்லை.

பொருளைப் பார்ப்போம். ஓர் எளிய தளம் என்பது சில கோப்புகள். ‘இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்’ என்ற முகப்புப் பக்கம், இரண்டு மூன்று உள்பக்கங்கள், சில படங்கள். அவை உங்கள் மேசைக் கணினியில் இருக்கும்வரை உங்களுக்கு மட்டுமே தெரியும். ஊர் உலகம் பார்க்க வேண்டுமென்றால், இரவு பகல் அணையாமல் இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரு கணினியில் அவற்றை ஏற்ற வேண்டும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் உலகின் முதல் வலை வழங்கியாக (சர்வராக) தம் கணினியைப் பயன்படுத்தியபோது, இது வழங்கி, அணைத்துவிடாதீர்கள் என்று அதன்மேல் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். அப்படி அணையாத கணினியை நாமே வைத்துப் பராமரிக்க முடியாததால், அதை வைத்திருப்பவரிடம் கட்டணம் கட்டி நம் கோப்புகளுக்கு இடம் வாங்குகிறோம். இந்த ஏற்பாடுதான் ஹோஸ்டிங்.

இதில் விருந்து எங்கே வந்தது? விருந்து என்ற சொல்லுக்கே முதற்பொருள் புதுமை. புதிதாக வந்தவர் விருந்து. திருக்குறளில் 9ஆம் அதிகாரம் முழுவதும் விருந்தோம்பல்தான். எதையும் எதிர்பாராமல், முகம் கோணாமல், வந்தவரைப் பேணுவது அது. எங்கள் கொங்குப் பக்கம் வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுத்த பிறகே பேச்சைத் தொடங்குவோம். அந்தச் சொல்லை எடுத்து, பணம் கட்டாவிட்டால் துண்டித்துவிடும் ஒரு வாடகை ஏற்பாட்டுக்குச் சூட்டுவது இரண்டுக்கும் கேடு. விருந்தினர் வருவார், போவார். தளம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. விருந்தினர் காசு கொடுப்பதில்லை. தளக்காரர் முன்பணமே கட்டுகிறார். இன்னொரு கோளாறு: “உங்கள் விருந்தோம்பல்” என்றால் தமிழில் நீங்கள் பிறரை ஓம்புவது என்று பொருள். கடிதத்திலோ யார் யாரை ஓம்புகிறார் என்பதே தலைகீழாகிவிடுகிறது.

உயிரியல் பாடநூல்காரர்கள் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. அங்கும் ஆங்கிலத்தில் அதே ஹோஸ்ட்தான். ஒட்டுண்ணி தங்கும் உயிருக்கு அவர்கள் ‘ஓம்புயிரி’ என்று பெயர் வைத்தார்கள். கொசு தன் வயிற்றில் கிருமிக்கு விருந்தோம்பியது என்று எவரும் எழுதவில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஹோஸ்ட்டைத் ‘தொகுப்பாளர்’ என்கிறோம். இடத்துக்கு இடம் பொருள் பார்த்துச் சொல் வைத்தவர்கள் நாம். கணினிக்கு வந்ததும் மட்டும் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறோம்.

‘புரவல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். விருந்தோம்பலுக்கு இது எவ்வளவோ மேல். புரத்தல் என்றால் காத்தல். ஆனாலும் புரவலர் என்றதும் எனக்கு முதிரமலைக் குமணனும் கொல்லிமலை ஓரியும்தான் நினைவுக்கு வருகிறார்கள். பாடி வந்தவருக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் அவர்கள். கட்டணத்துக்கு இடம் தருபவரை அந்த வரிசையில் நிறுத்த மனம் ஒப்பவில்லை. ‘ஓம்பல்’ என்று சுருக்கினாலும் விருந்தின் வாடை போவதில்லை.

நான் சொல்வது ‘குடிவைப்பு’. வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டவர், ‘ஒரு குடும்பத்தைக் குடிவைத்திருக்கிறேன்’ என்றுதானே சொல்கிறார்? “தளத்தை எங்கே குடிவைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால் எவருக்கும் புரியும். குடி என்றால் மது நினைவுக்கு வருமே என்று ஒரு தமிழாசிரியர் தயங்கினார். குடியரசிலும் குடியுரிமையிலும் வராத மது இதில் மட்டும் ஏன் வர வேண்டும்?

இந்தச் சொல் உள்ளே போகப் போக உதவுகிறது. மலிவான திட்டங்களில் ஒரே வழங்கியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். திருப்பூரிலும் கோவையிலும் பார்க்கும் லைன் வீடு அது. ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே வாசல். பக்கத்துக் குடியில் கூட்டம் கூடினால் நம் குடிக்கும் தண்ணீர் குறையும். கதவிலக்கம் ஒன்றே ஆனாலும் பெயர் சொல்லிக் கேட்டால் சரியான வீட்டைக் காட்டுவார்கள். உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்வதற்கு 1997இல் வந்த ஹெச்டிடிபி 1.1 விதிப்படி, உலாவி தான் தேடும் தளத்தின் பெயரை ஒரு தனி வரியில் அனுப்பியாக வேண்டும். ஓர் இணைய முகவரி இலக்கத்தில் பல தளங்கள் குடியிருப்பது அதனால்தான் இயல்கிறது. கொஞ்சம் கூடுதல் கட்டணம் கட்டினால் தனிப் போர்ஷன். இன்னும் கட்டினால் தனி வீடு. விருந்தோம்பல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்கிப் பாருங்கள்!

குறை இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. தளக் கட்டுப்பாட்டுப் பலகையைத் தமிழுக்கு மாற்றினால், “கோப்பு மேலாளரைத் திறக்கவும்” என்கிறது. மேலாளரை எப்படித் திறப்பது? ‘கோப்புகள்’ என்றாலே போதுமே. சர்வரைச் ‘சேவையகம்’ என்று நான் ஒருமுறை சொல்லப்போய், கேட்டவர் தாலுகா அலுவலகத்து இ-சேவை மையத்துக்குப் போக வேண்டுமா என்றார். ‘வழங்கி’ என்று அழகான சொல் இருக்கிறது. கேட்டதை எடுத்து வழங்குகிறது, அது வழங்கி. ‘பதிவேற்றம்’ எதற்கு? லாரியில் மூட்டை ஏற்றுகிறோம், வழங்கியில் கோப்பு ஏற்றுகிறோம். 2010இல் கோவை கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு நெசவுக் குடும்பம் தன் தளத்துக்கு வந்த எச்சரிக்கையைப் படித்தும் புரிந்துகொள்ள முடியவில்லை என்றால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. எந்திரம் மொழிபெயர்த்தது என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். அனுப்புவதற்கு முன் தமிழ் அறிந்த ஒருவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும்.

நண்பரின் கோப்புகளுக்கு நல்லவேளையாக என்னிடம் நகல் இருந்தது. புதிய இடம் வாங்கி மறுபடி ஏற்றினோம். முகப்புக் கோப்பின் பெயரில் முதலெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக வைத்துவிட்டார். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் வழங்கிக்கு அது வேறு பெயர் என்பதால் முகப்பு வரவில்லை. திருத்தியதும் ஜமுக்காளங்கள் வண்ணக் கோடுகளோடு திரையில் விரிந்தன. தறிக்கு மேலே தொங்கும் நாட்காட்டியில், “தளத்தின் குடிவைப்பு இந்த மாதம் முடிகிறது” என்று அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். எழுதி முடித்தவர் பேனாவை மூடாமல், “அப்படியானால் தளத்தின் பெயருக்குக் கட்டும் பணம் வேறா? அது எந்த மாதம்?” என்று கேட்டார்.