தரையும் சேர்ந்து ஆடும் மைதானம்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துக்கு முதன்முறை கோல்ஃப் ஆடப் போகும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் ஏமாறுகிறார்கள். 100 மீட்டரிலிருந்து வெட்ஜ் மட்டையால் பந்தை உயரத் தூக்கி, குழியைக் காட்டும் கொடிக்குப் பக்கத்திலேயே இறக்குகிறார்கள். அடியில் குறையே இல்லை. ஆனாலும் பந்து இரண்டு துள்ளு துள்ளி, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைத் தாண்டி உருண்டு போய்விடுகிறது.

ஈரமான களிமண் தரையில் விழும் பந்து சிறு பள்ளம் பறித்துக்கொள்கிறது. அந்தப் பள்ளத்தின் முன்விளிம்பு பந்தை மறிக்கும், பின்சுழற்சியும் தரையைப் பற்றி இழுக்கும். இறுகிய மணல் தரையில் பள்ளம் விழாது. பந்து தரையைத் தொட்டிருக்கும் நேரமும் மிகக் குறைவு. அதற்குள் கிடைக்கும் உராய்வு பந்தை நிறுத்தப் போதாது. காய்ந்த மைதானத்தில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி.

தரை ஏன் இப்படி? பனியுகத்தில் ஸ்காட்லாந்தின் மேல் கிடந்த பனிப்பாளத்தின் எடையால் நிலமே கீழே அமுங்கியிருந்தது. பனி உருகியபின் நிலம் மெல்ல மேலெழுந்தது. கடல் பின்வாங்கிய இடத்தில் மணல் மிஞ்சியது. காற்று அதை மேடும் பள்ளமுமாகக் குவித்தது. நம் கடற்கரையில் ராவணன் மீசைப் புல் மணலைக் கட்டிவைக்கிறதே, அந்த வேலையை அங்கே மாரம் புல் செய்தது. கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட இந்த மணல் நிலத்துக்குத்தான் ‘லிங்க்ஸ்’ என்று பெயர். உழவுக்கு ஆகாத நிலம் என்பதால் ஊர்ப் பொதுவில் கிடந்தது. ஆடு மேய்ந்தது, முயல் வளை தோண்டியது, ஊரார் பந்தடித்தார்கள். அங்கே ஆட ஊராருக்குள்ள உரிமையை 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் எழுத்தில் உறுதிசெய்தார்.

மணலில் தண்ணீர் தங்காது, சத்தும் தங்காது. அதனால் அங்கே நிலைப்பது ஃபெஸ்க்யூ என்னும் மெல்லிய புல். அதன் இலை ஊசிபோலச் சுருண்டிருப்பதால் நீரிழப்பு குறைவு. வேர் ஆழமாக இறங்கும், வளர்ச்சி மெதுவாக இருக்கும். இந்த ஏழ்மைதான் மைதானத்தின் உயிர். பச்சைப்பசேலென்று இருக்கட்டுமே என்று தழைச்சத்தும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தால் போவா என்ற களைப்புல் நுழைந்து ஃபெஸ்க்யூவை நெருக்கிவிடும். மக்காத தண்டும் வேரும் பஞ்சுப் படலமாகச் சேரும். பந்து ‘பொத்’தென்று விழத் தொடங்கினால் படலம் தடித்துவிட்டது என்று அர்த்தம். மருந்து மறுபடியும் மணல்தான்: தரையில் துளையிட்டு மண்குச்சிகளை உருவி எடுத்து, மேலே மெல்லிய மணல் தூவி, தேய்த்து உள்ளே இறக்குவார்கள். 1865-இல் இங்கே பராமரிப்புப் பொறுப்பேற்ற மூத்த டாம் மாரிஸ், மணல் தூவுவதை வழக்கமாக்கியவர்களில் முதன்மையானவர்.

ஆகவே பந்தைக் கிரீனில் இறக்க முயலாமல், 10, 15 மீட்டர் முன்பே இறக்கி உருள விடுங்கள். கிரீனுக்கு வெளியே 20 மீட்டரில் நின்றாலும், பந்தை உருட்டும் மட்டையான பட்டரை எடுக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. அடிப்பாகம் தடித்த வெட்ஜ் அந்த இறுகிய தரையில் பட்டுத் தெறித்து, அதன் முன்விளிம்பு பந்தின் நடுவில் மோதும். பந்து தாழப் பறந்து மறுபக்கம் போய்விடும்.

அடுத்தது காற்று. நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் புறப்படும் பந்து, 10 மீட்டர் வேக எதிர்காற்றில் 70 மீட்டர் வேகக் காற்றைச் சந்திக்கிறது. இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால் சுமார் 36 சதவீதம் கூடுகிறது. பின்சுழற்சி தரும் தூக்குவிசையும் கூடவே ஏறி, பந்து செங்குத்தாக எழும்பி முன்னேறாமல் விழும். ஓங்கி அடித்தால் சுழற்சி கூடி நிலைமை இன்னும் மோசமாகும். வழக்கமாக எடுப்பதைவிட இரண்டு படி நீளமான மட்டையை எடுத்து, பிடியை இறக்கி, பந்தைப் பின்காலை நோக்கிச் சற்றுத் தள்ளி வைத்து, அரை வீச்சு வீசுங்கள். தரையருகே காற்றின் வேகமும் குறைவு. ஆட்டக்காரர்களின் கைக்கணக்கு ஒன்று உண்டு: எதிர்காற்றில் மணிக்கு ஒரு மைலுக்கு 1 சதவீதம் கூட்டு, பின்காற்றில் அரை சதவீதம் குறை. 20 மைல் எதிர்காற்றில் 150 மீட்டர் இலக்கை 180 மீட்டராகக் கொள்ள வேண்டும். குளிரையும் மறக்கக் கூடாது. 10 டிகிரிக் காற்று 30 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 7 சதவீதம் அடர்த்தியானது.

பழைய மைதானத்தில் 112 பங்கர்கள், அதாவது மணற்குழிகள், உள்ளன. சுற்றியுள்ள தரை பலவற்றை நோக்கிச் சரிவதால், வாய் சிறிதானாலும் அவை வெகு தூரத்துப் பந்தையும் வாரிக்கொள்ளும். 2000-இல் இங்கே நடந்த ஓப்பன் போட்டியில் டைகர் உட்ஸ் நான்கு சுற்றிலும் ஒரு பங்கரில்கூட விழாமல் வென்றது அதனால்தான் இன்றும் பேசப்படுகிறது. மணல் செங்குத்தாக நிற்காது என்பதால் புல்தரைப் பட்டைகளைச் செங்கல்போல ஒன்றன்மேல் ஒன்று, ஒவ்வொன்றையும் சிறிது பின்தள்ளி அடுக்கிச் சுவர் எழுப்புகிறார்கள். தெற்கு பார்த்த சுவர் வெயிலில் காய்ந்து சீக்கிரம் உதிரும். சில ஆண்டுகளில் மறுபடி கட்ட வேண்டியதுதான்.

பந்துக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் மணலை வெட்டினால் மணலே பந்தைத் தூக்கி வீசும். ஆனால் பந்து சுவரிலிருந்து ஓரடிக்குள் கிடந்தால் கொடியை மறந்துவிட்டுப் பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியேற வேண்டும். சுவரோடு ஒட்டியே கிடந்தால், 2 தண்ட அடி ஏற்றுக்கொண்டு, கொடிக்கும் பந்துக்குமான நேர்க்கோட்டில் பங்கருக்குப் பின்னால் வெளியே பந்தைப் போட்டு ஆட 2019 முதல் விதி இடம் தருகிறது. நான்கைந்து அடி வீணாவதைவிட இது மலிவு.

குளிர்காலப் பயணமென்றால் இன்னொன்று. நவம்பர் முதல் மார்ச் வரை, கிரீனுக்குப் போகும் குட்டைப் புல்வழியான ஃபேர்வேயில் சிறு பாய் விரித்து அதன்மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வார்கள். மட்டை பெயர்த்த புல் கோடையில் ஆறிவிடும். குளிரில் ஃபெஸ்க்யூ வளர்வதே இல்லை, அப்போது பட்ட காயம் வசந்தம்வரை அப்படியே கிடக்கும்.