பென் டிரைவில் வரும் ‘லைட்’ விண்டோஸ்: எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

போன நவம்பரில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கே போன். வலங்கைமான் பக்கம் இ-சேவை மையம் நடத்தும் தங்கச்சி. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அடங்கல், சிட்டா, ஆதார் நகல், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு வாசல் வரை ஆள் நிற்கிறார்கள். “அண்ணே, தமிழெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது. ஊர்ப் பேரே படிக்க முடியல. உடனே வாங்கண்ணே” என்றார்.

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வேகமாகத்தான் ஓடியது. இரண்டு நாள் முன்பு யாரோ வந்து, பழைய விண்டோஸை அழித்துவிட்டு இணையத்தில் இறக்கிய ‘லைட்’ விண்டோஸை, அதாவது யாரோ பல பாகங்களை வெட்டி மெலிதாக்கிய விண்டோஸை, போட்டுக் கொடுத்திருக்கிறார். திரையில் புல எண் தெரிகிறது. அதற்கு மேல் விவசாயியின் பெயரும் கிராமமும் வரவேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. விண்டோஸ் 8 முதல் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைக் காட்டுவது நிர்மலா யூஐ என்ற எழுத்துரு. இந்த லைட் பதிப்பைத் தயாரித்தவர் அதைத் தேவையில்லாத சுமை என்று எடுத்துவிட்டார். எந்த ஊர்க்காரரோ, அவருக்கு அது சில எம்பி இடம். இங்கே கிராமத்தின் பெயர் மாறிப் பதிவானால், இழப்பீடு வரும் காலத்தில் அந்த மனிதர் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்!

இன்னும் தோண்டினால், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் இல்லை. அப்டேட் சேவையே இல்லை. ஊரில் எல்லோருடைய ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன.

விண்டோஸை மெலிதாக்குவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலையை நானும் பல வருடமாகச் செய்கிறேன். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கடைகளில் 4 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர்கள்தான். புதிதாகப் போட்டவுடனே வந்து உட்காரும் விளையாட்டும் விளம்பரமும் யாருக்கு வேண்டும்? எதை எடுக்கிறோம், அதை நம்பி வேறு எது நிற்கிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்டோஸை நிறுவுவதற்கான கோப்பான ஐஎஸ்ஓவைத் திறந்தால் ‘சோர்ஸஸ்’ கோப்புறைக்குள் இன்ஸ்டால் டாட் விம் என்ற கோப்பு இருக்கும். முழு விண்டோஸும் அதில்தான். மைக்ரோசாஃப்டே தரும் டிஐஎஸ்எம் என்ற கருவியால் அதை ஒரு காலிக் கோப்புறையில் விரித்து, வேண்டாததை எடுத்து, மறுபடி மூடிச் சேமிக்கலாம். நான் முதலில் கை வைப்பது, ஒவ்வொரு புதுப் பயனருக்கும் தானாகப் பதிவாகும் செயலிகளில். அவற்றை விம்முக்குள்ளேயே எடுத்துவிட்டால் யாருக்கும் வராது, எதுவும் உடையாது. ஸ்டோர் செயலியை மட்டும் விட்டுவிடுவேன். போனால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. வேலை முடிந்ததும் விம்மை இன்னொரு கோப்பாக ஏற்றுமதி செய்தால்தான் அளவு குறையும். பலர் இதை விட்டுவிட்டு, “இவ்வளவு எடுத்தும் குறையவே இல்லையே” என்று மேலும் மேலும் வெட்டுகிறார்கள். ஃபேட் 32 பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதற்காக வெட்டுபவர்களும் உண்டு. அதற்கு விம்மை இரண்டு துண்டாகப் பிரித்தாலே போதும்.

விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையைக் கையால் அழிப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. பத்துப் பதினைந்து ஜிபி என்று அது காட்டுவதில் பெரும்பகுதி, ஒரே கோப்பு இரண்டு இடத்தில் பெயர் பெற்றிருப்பதால் வரும் கணக்கு. அதில் கை வைத்தால் அடுத்த அப்டேட் ஏறாது. சுத்தம் செய்ய டிஐஎஸ்எம்மிலேயே கட்டளை இருக்கிறது. அதோடு ‘ரீசெட்பேஸ்’ சேர்த்தால் இன்னும் இடம் கிடைக்கும், ஆனால் அதுவரை ஏறிய அப்டேட்டை அதன் பிறகு கழற்ற முடியாது.

இப்போது அப்டேட் விஷயம். “அந்த ஒரு அப்டேட்டை மட்டும் தூக்கிடுங்க சார், அது வந்ததிலேர்ந்துதான் பிரச்சினை” என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். விண்டோஸ் 10 வந்த 2015 முதலே மாத அப்டேட்டுகள் திரள் அப்டேட்டுகள். இந்த மாத அப்டேட்டுக்குள் முந்தைய மாதங்களின் திருத்தம் எல்லாம் இருக்கும். ஒன்றை மட்டும் பிடுங்க முடியாது. பிடுங்கினால் அதோடு இருக்கும் மற்றவையும் சேர்ந்து போகும்.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். 2021 செப்டம்பர். மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலை. ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் பிரிண்டர், எடைமேடை அறையிலிருந்து அதற்குத்தான் எடைச்சீட்டு போகும். கேபி 5005565 என்ற அப்டேட் ஏறிய மறுநாள் எடைமேடையில் 11பி என்று முடியும் பிழை எண். நெல் மூட்டையோடு லாரிகள் வரிசையில் நிற்க, டிரைவர்கள் கத்த, நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்டேட்டைக் கழற்றினேன். சீட்டு வந்தது. அந்தத் தெம்பில் என் கடை இமேஜிலிருந்தும், அதாவது எல்லோருக்கும் போட நான் தயாரித்து வைத்திருக்கும் விண்டோஸிலிருந்தும், அதை எடுத்து, அடுத்த இரண்டு மாதம் அதையே எல்லா இடத்திலும் போட்டேன்.

உண்மையான காரணம் பிறகுதான் புரிந்தது. நெட்வொர்க் பிரிண்டிங்கில் இருந்த ஓர் ஓட்டைக்கு 2021 ஜனவரியிலேயே திருத்தம் வந்துவிட்டது. செப்டம்பர் 14 அன்று அதைக் கட்டாயமாக்கினார்கள். எடைமேடைக் கம்ப்யூட்டரோ ஒரு வருடமாக அப்டேட்டே பார்க்காதது. ஆபீஸ் பெட்டி கேட்ட பாதுகாப்பான பேச்சு அதற்குத் தெரியவில்லை. அப்டேட் ஏற்ற வேண்டியது எடைமேடையில். நான் கழற்றியது ஆபீஸில். அதோடு, அந்த வருடம் ஜூலையில் அவசரமாக அடைத்த பிரிண்ட்நைட்மேர் என்ற பிரிண்டிங் ஓட்டையையும் என் இமேஜில் நானே திறந்துவிட்டிருந்தேன். தெரிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் போய்ச் சரிசெய்தேன். 2017 மார்ச்சில் வந்த திருத்தத்தை ஏற்றாத கம்ப்யூட்டர்களைத்தான் அந்த மே 12 அன்று வான்னாகிரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பூட்டிப் பணம் கேட்டது. அந்தப் பட்டியலில் என் வாடிக்கையாளர் ஒருவர் சேர்ந்திருந்தால் பொறுப்பு என்னுடையது.

அதனால் இப்போது இமேஜிலிருந்து அப்டேட்டை எடுப்பதே இல்லை. மாதா மாதம் புதியதை உள்ளே ஏற்றுகிறேன்.

நம் பகுதிக்கு இன்னும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்டேட் நடுவில் மின்சாரம் போய் விண்டோஸ் எழும்பாவிட்டால் கைகொடுப்பது மீட்புப் பகுதி. லைட் பதிப்புகளில் பெரும்பாலும் முதலில் காணாமல் போவது அதுதான். டாட் நெட் 3.5-ம் அப்படியே. எடைமேடை, உரக்கடை பில்லிங் மென்பொருள்களில் பழையவை பலவும் அதை நம்பி ஓடுபவை. அணைத்து வைப்பது வேறு, கோப்போடு பிடுங்குவது வேறு. பிடுங்கியிருந்தால், ஐஎஸ்ஓ கையில் இருந்தாலோ அப்டேட் சேவை ஓடினாலோதான் திரும்ப வரும். ஸ்மார்ட் கார்டு சேவையை எடுத்துவிட்டால் ஆடிட்டரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்யாமல் போகலாம்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த பிறகு இந்த லைட் வியாபாரம் கூடியிருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு பழைய பெட்டிகள் பலவற்றில் இல்லை. வேகம்தான் பிரச்சினை என்றால் முதலில் ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள். எந்த வெட்டும் தராத வேகத்தை அது தரும். விண்டோஸ் 10-லேயே இருப்பவர்கள் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யலாம். சொந்த உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும்.

வலங்கைமான் மையத்தில் அன்று என் பென் டிரைவை வைத்துப் புதிதாகப் போட ஒரு மணி நேரம் ஆனது. வரிசையில் முதலில் நின்ற பெரியவரைத் திரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் பெயரையும் ஊரையும் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னேன். தங்கச்சி படித்தார். “ஊரு சரி. அப்பா பேருல ஒரு எழுத்து தப்பும்மா” என்றார் பெரியவர். பதிவு செய்வதற்கு முன்பே திருத்தினோம்.