பிரேக் தின்னும் பெட்ரோல்

1,000 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சிக்னல் விழுகிறது, பிரேக்கை மிதிக்கிறீர்கள். அந்த வேகத்தில் இருந்த ஆற்றல் அத்தனையும் பிரேக்கில் சூடாக மாறிக் காற்றோடு போகிறது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்குதான் சக்கரத்துக்கே வந்து சேர்கிறது. இப்படிச் சுமார் 80 முறை நின்று கிளம்பினால் அதற்கே ஒரு லிட்டர் தீர்ந்துவிடும். சென்னை அண்ணா சாலையில் மாலை நேரத்தில் 50-ஐத் தொடுவதே அபூர்வம்தான். நின்று கிளம்புவதற்கு மட்டும் குறைவில்லை.

பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் கார் இந்த இழப்பைத்தான் பிடிக்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது அதன் மோட்டாரைச் சக்கரமே சுழற்றுகிறது. சைக்கிள் டைனமோ போல அது மின்சாரம் தந்து, சிறிய பேட்டரியை நிரப்புகிறது. மறுபடி கிளம்ப அந்த மின்சாரமே உதவுகிறது. 1997-இல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் இதைப் பரவலாக்கியது. ஆனாலும் பிளக்கில் செருகாத ஹைபிரிட்டுக்கு ஆற்றல் முழுவதும் பெட்ரோல் டேங்கிலிருந்தே வருகிறது. பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

மின்சார காரும் பிரேக்கிலிருந்து ஆற்றலை மீட்கும். அதற்குப் புகைக்குழாய் இல்லை. ஊருக்குள் இது பெரிய நிம்மதி. ஆனால் இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது; காரணம் நிலக்கரி. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் 10.5 கிலோ. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் தரும் ஹைபிரிட், எண்ணெய் சுத்திகரிப்பையும் சேர்த்தால், 11 கிலோ. லிட்டருக்கு 18 தரும் பெட்ரோல் கார் 15 கிலோ. நீர்மின்சாரத்தில் ஓடும் நார்வேயில் மின்சார காரின் கணக்கு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பேட்டரியைத் தயாரிக்கும்போதே வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு தனி. 30 யூனிட் பேட்டரிக்கு இரண்டு டன் என்று வைத்தால், இங்கே பெட்ரோல் காரை முந்தவே 40,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

பணக் கணக்கு வேறு மாதிரி. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்று கொள்வோம். 100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் காருக்கு 550 ரூபாய், ஹைபிரிட்டுக்கு 400, மின்சார காருக்கு 120. வாங்கும்போது மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதை மீட்க மின்சார கார் 70,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினமும் அலையும் வாடகைக் காருக்கு அது ஓரிரு ஆண்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போய்வரும் குடும்பத்துக்கு அதற்குள் பேட்டரிக்கே வயதாகிவிடும்.

ஹைபிரிட் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, எங்கே ஓட்டுகிறோம் என்பதை. சென்னையிலிருந்து திருச்சிக்கு நான்குவழிச் சாலையில் போனால் பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை. மீட்பதற்கும் அதிகம் இல்லை.