மரபணு ஊசிக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள்

எஸ்.எம்.ஏ. எனப்படும் தசைச் சிதைவு நோயுள்ள குழந்தைகளைக் கடலூர், பண்ருட்டிப் பக்கமிருந்து புதுச்சேரிக்கு அழைத்து வரும் பெற்றோர், '16 கோடி ரூபாய் ஊசி' எனப்படும் மரபணு ஊசி பற்றிக் கேட்காமல் போவதில்லை. "பணம் சேர்ந்துவிட்டால் உடனே போட்டுவிடலாம் அல்லவா, டாக்டர்?" என்கிறார்கள். பணம் திரட்டத் தொடங்கும் முன்பே அறிய வேண்டியது ஒன்று உண்டு: குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த மருந்தை உள்ளே விடுமா என்பது.

குறைபட்ட மரபணுவுக்கு மாற்றாக நல்ல மரபணுவை ஏ.ஏ.வி. என்ற வைரஸின் வெற்று ஓட்டுக்குள் வைத்து ரத்தத்தில் செலுத்துகிறோம். அந்த வைரஸ் நோய் எதையும் உண்டாக்குவதில்லை. ஆனால் நம்மில் பலரும் அறியாமலே அதன் தொற்றுக்கு ஆளாகி, அதற்கு எதிரான எதிரணுக்களை (ஆன்டிபாடி) ரத்தத்தில் சேர்த்து வைத்திருக்கிறோம். கடிதத்தைப் பிரிக்காமல், உறையைப் பார்த்தே திருப்பி அனுப்புவதைப் போல, அந்த எதிரணுக்கள் மருந்தைச் செல்லுக்குள் நுழையும் முன்பே முடக்கிவிடும். எனவே, இந்த ஊசியில் பயன்படும் ஏ.ஏ.வி.9 வகைக்கு எதிரான எதிரணு அளவு 1:50-க்கு மேல் இருந்தால் சிகிச்சையைத் தள்ளிவைக்கிறோம். கைக்குழந்தைகளிடம் அது தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வந்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் சில வாரங்களில் குறையும் என்பதால், ஒரே அறிக்கையோடு மனம் தளராமல் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

ஊசி போட்ட பிறகுதான் எதிர்ப்பு மண்டலத்தின் அடுத்த வேலை தொடங்குகிறது. புதிய மரபணுவை ஏற்ற கல்லீரல் செல்களை டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளையணுக்கள் தாக்குவதால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. என்ற நொதியின் அளவு ரத்தத்தில் உயரும், குழந்தை அப்போதும் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கலாம். இதைத் தணிக்கவே, ஊசிக்கு முந்தைய நாளிலிருந்து எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கி, 30 நாட்களுக்குப் பின் கல்லீரலின் நிலையைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்கிறோம். முகம் உப்புகிறது, பசி கூடுகிறது என்று வீட்டிலேயே அந்த மருந்தை நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. கண் மஞ்சளாகும்வரை காத்திருப்பதும், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுப் பரிசோதனையைத் தவிர்ப்பதும் அதே அளவுக்கு ஆபத்தானவை. ஸ்டீராய்டு கொடுக்கும் காலத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போன்றவற்றின் தேதியையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எதிர்ப்பு மண்டலத்தை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1999-இல் அமெரிக்காவில் அடினோவைரஸ் என்ற வேறொரு வைரஸ் வழியே மரபணு செலுத்தப்பட்ட ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், கட்டுக்கடங்காத எதிர்ப்பு வினையால் நான்கே நாட்களில் உயிரிழந்தார். இன்றைய முன்னெச்சரிக்கைகள் பலவற்றுக்குப் பின்னால் அந்த இழப்பு இருக்கிறது.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியா நோயாளிகளுக்காக வேலூர் சி.எம்.சி.யில் நடந்த ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. நோயாளியின் ரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, லென்டிவைரஸ் என்ற இன்னொரு வகை வைரஸைக் கொண்டு மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தினார்கள். 2024-இல் வெளியான முடிவுகளில் 5 பேருக்கும் ரத்தக்கசிவு நின்றிருந்தது. ஏ.ஏ.வி. எதிரணுக்கள் இதற்குத் தடையில்லை, ஆனால் முன்னதாக வீரியமான கீமோதெரபி தேவைப்படுகிறது.

ஏ.ஏ.வி. ஊசிக்குப் பிறகு எதிரணுக்கள் பெருமளவில் பெருகிவிடுவதால், அதே மருந்தை மறுமுறை கொடுக்க இப்போதைக்கு வழியில்லை. ஆகவே ஊர் திரும்பும் முன், குறைந்தது 3 மாதங்களுக்குக் கல்லீரல் பரிசோதனையை எந்த ஆய்வகத்தில் எடுப்பது, அறிக்கையை அன்றைக்கே யாருக்கு அனுப்புவது, நள்ளிரவில் வாந்தியோ காய்ச்சலோ வந்தால் எந்த எண்ணை அழைப்பது என்பவற்றை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.