வட ஆற்காட்டில் சான்றுகள் உருவாகும் விதம்

பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்துள்ளது. இந்நிலப்பரப்பின் ஊர்ப் பெயர்கள் மருத்துவ ஆய்விதழ்களிலும், கல்வெட்டுத் தொகுதிகளிலும், வேளாண் பொருளியல் நூல்களிலும், வானியல் கட்டுரைகளிலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இடம்பெற்றிருக்கின்றன. அறிவியல் ஆய்வு உறுதியானது, சமூக ஆய்வு தளர்வானது, வரலாற்று ஆய்வு அவரவர் கருத்தைச் சார்ந்தது என்று தரம் பிரிக்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றியுள்ளது. இங்கு நடந்த ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிப்பவர்களுக்கு அந்தத் தரவரிசை நிற்காது என்பது விளங்கும். ஆராயப்படும் நிகழ்வைப் பின்தொடர முடியுமா, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்று பார்க்க முடியுமா, அல்லது அது ஒரே முறை நடந்து முடிந்துவிட்டதா என்பதே சான்று திரட்டும் முறையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பின்தொடரும் ஆய்வுக்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ரோட்டா வைரஸ் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இந்த வைரஸைப் பற்றி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளை மட்டும் வைத்து ஆராய்ந்தால், தொற்று வந்தும் நோய் வராத குழந்தைகள் கணக்கிலேயே சேரமாட்டார்கள். ஆகவே ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு தொடங்கி, வேலூர் நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பிறப்பிலேயே ஆய்வில் சேர்த்தார்கள். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இருமுறை வீடுகளுக்குச் சென்று விசாரித்தார்கள். குழந்தை நலமாக இருந்தாலும் இரு வாரங்களுக்கு ஒருமுறை மல மாதிரி எடுக்கப்பட்டது. 373 குழந்தைகள் மூன்று ஆண்டுகள் முழுமையாகப் பின்தொடரப்பட்டார்கள். முன்னதாக மெக்சிகோவில் நடந்த இதே போன்ற ஆய்வில், இருமுறை இயற்கையாகத் தொற்று வந்த குழந்தைகளுக்கு அதன்பின் நடுத்தர அல்லது கடும் நோய் வரவில்லை. வேலூரிலோ மூன்று தொற்றுகளுக்குப் பிறகும் அத்தகைய நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 விழுக்காடாகவே இருந்தது. 2011இல் வெளியான இந்த முடிவு, வாய்வழித் தடுப்பு மருந்தின் பயன் நாட்டுக்கு நாடு ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்கு வலுச் சேர்த்தது. ஆய்வகக் கருவிகள் இதற்கு இன்றியமையாதவை என்றாலும், மூன்று ஆண்டுகள் ஒரே தெருக்களில் ஒரே வீட்டுக் கதவுகளைத் தட்டிய பணியாளர்களின் ஒழுங்கு இல்லாமல் அந்த 79 என்ற எண் பிறந்திருக்காது. மக்களின் நம்பிக்கையைப் பெற்று வீட்டுக்குள் நுழையும் இந்தத் திறன் சமூக ஆய்வாளர்களுக்கும் உரியதே.

சமூக ஆய்வுக்கு வேறொரு சிக்கல் உண்டு. பசுமைப் புரட்சியால் யாருக்கு நன்மை என்ற கேள்வியை ஒரே வருகையில் தீர்க்க முடியாது. 1973-74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு வட ஆற்காட்டின் 11 கிராமங்களில் விரிவான கணக்கெடுப்பு நடத்தியது. புதிய நெல் வகைகள் எதிர்பார்த்த அளவு பரவவில்லை என்பதும், கிணறும் பம்பு செட்டும் வைத்திருப்பவர்களுக்கே அவற்றின் பலன் எளிதில் கிட்டுகிறது என்பதும் அன்றைய கவலைகள். பத்தாண்டுகள் கழித்து பீட்டர் ஹேசல், சி. ராமசாமி ஆகியோரின் குழு அதே கிராமங்களுக்குச் சென்றபோது, சிறு விவசாயிகளின் வருமானமும் நிலமற்ற கூலித் தொழிலாளர்களின் வருமானமும் உயர்ந்திருப்பதைக் கண்டது. 1990களின் நடுவில் பார்பரா ஹாரிஸ்-ஒயிட், எஸ். ஜனகராஜன் ஆகியோரின் குழு அவற்றுள் சில கிராமங்களை மீண்டும் ஆராய்ந்தது. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனதும், கிணற்றை ஆழப்படுத்தக் கையில் பணம் உள்ளவரே தாக்குப்பிடிக்க முடிந்ததும் அப்போது முன்னுக்கு வந்தன. ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று இவற்றை வாசிப்பது பிழை. மழை பொய்த்த ஆண்டில் எடுத்த கணக்கும் ஏரி நிரம்பிய ஆண்டில் எடுத்த கணக்கும் ஒன்றாக இருக்க வழியில்லை. வருமானத்தை அளக்கும் ஆய்வும் நீரை அளக்கும் ஆய்வும் ஒரே கிராமத்தின் வெவ்வேறு உண்மைகளைக் காட்டும். மீள்கணக்கெடுப்பின் பயன், முதல் ஆய்வு எந்தச் சூழலில் உண்மையாக இருந்தது என்பதைத் துலக்குவதில்தான் இருக்கிறது.

திரும்பிச் செல்லவே முடியாத நிகழ்வுகளின் ஆய்வு என் மனத்துக்கு மிக நெருக்கமானது, ஏனென்றால் அங்கு வானியலும் வரலாறும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் உள்ளது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்ததால், விண்மீனின் ஒளி எப்போது மறைகிறது, எப்போது மீள்கிறது என்று பதிவு செய்ய அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி தயாராக இருந்தது. கோள் வந்து மறைப்பதற்கு முன்பே ஒளி சிறிது நேரம் மங்கி மீண்டது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அப்படிப் பதிவாகியிருந்தால் மேகம் என்றோ கருவிக் கோளாறு என்றோ ஒதுக்கியிருப்பார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலிருந்த தொலைநோக்கியோ, கோளுக்கு முன்னும் பின்னும் ஒத்த வரிசையில் பல மங்கல்களைப் பதிவு செய்திருந்தது. யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள் உள்ளன என்ற முடிவு, ஒன்றையொன்று சாராத பதிவுகள் ஒத்துப்போனதால் நிலைபெற்றது.

அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பல்லவர் காலத்துக் கால்நடைக் கவர்தல்களையும் அவற்றைத் தடுத்து மாண்ட வீரர்களையும் பதிவு செய்கின்றன. எடத்தனூர் நடுகல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரன் இறந்த செய்தியோடு, கோவிவன் என்ற நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் அது சொல்கிறது. கல்வெட்டாளர் கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றிப் படியெடுக்கிறார். எழுத்துகள் வெண்மையாகவும் சுற்றுப்புறம் கருமையாகவும் வரும். அதன் பிறகே உண்மையான வேலை தொடங்குகிறது. கல்லில் ஆட்சியாண்டு மட்டுமே இருப்பதால், அரசன் அரியணை ஏறிய ஆண்டை வேறு சான்றுகளால் கணிக்க வேண்டும். வட்டெழுத்தின் வடிவம் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று, காலம் தெரிந்த பிற கற்களோடு ஒப்பிட வேண்டும். ஆட்சியாண்டும் எழுத்தமைதியும் தனித்தனி வழிகளில் ஒரே காலத்தைச் சுட்டும்போது காலக்கணிப்பு வலுப்பெறுகிறது. காவலூரில் பின்பற்றப்பட்டதும் இதே தர்க்கம்தான்.

1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சியை ஆராய்பவருக்கு இந்த வசதி குறைவு. கிடைக்கும் ஆவணங்களில் பெரும்பகுதி கிளர்ச்சியை அடக்கியவர்கள் எழுதியவை. சிப்பாய்களின் குரலும் பெரும்பாலும் விசாரணைக் கேள்விகளுக்கு அவர்கள் அளித்த விடைகளாகவே நம்மை எட்டுகிறது. அந்தச் சொற்களை அவை பதிவான சூழலோடு சேர்த்து எடைபோடுவதே அங்கு ஆய்வு.

சான்றைப் பற்றி முற்றிலும் வேறான கேள்வியைச் சட்டத்துறை எழுப்புகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளில், பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு ஊறவைக்கும் நீரில் கரைந்து வெளியேறுகிறது. பதனிடும்போது தோல் உறிஞ்சாத குரோமியமும் கழிவில் சேர்கிறது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பு அந்தத் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. மண்ணியலாளர் ஒரு கிணற்றின் உப்பு எந்த ஆலையிலிருந்து வந்தது என்று நிறுவும் வரை காத்திருக்கலாம். குடிநீர் இழந்தவரால் முடியாது. தீங்கு முழுமையாக நிறுவப்படும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை ஏற்ற நீதிமன்றம், தன் செயலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமையைத் தொழில் நடத்துபவர் மீதே வைத்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றும் கூறி, அதற்கென ஓர் ஆணையம் அமைக்க உத்தரவிட்டது. எந்த ஊரில் எவருடைய நிலம் எவ்வளவு கெட்டது, அதற்கு எத்தனை ரூபாய் என்று கணக்கிட, அந்த ஆணையத்துக்கு மண் பரிசோதனையும் விளைச்சல் கணக்கும் நில ஆவணங்களும் ஒரே மேசையில் தேவைப்பட்டன.