தண்ணீர் மட்டும் விட்டால் கண் காயாமல் இருக்குமா?

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கைப்பையில் 7 கண் சொட்டு மருந்துப் போத்தல்கள். 4 வருடமாக இரண்டு இடத்தில் காட்டி, பாமசி பாமசியாக வாங்கி விட்டிருக்கிறார். இமை ஓரத்தை யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. நான் அழுத்தினேன். எண்ணெய் கசிய வேண்டிய இடத்தில் பற்பசை மாதிரிக் கெட்டியாகப் பிதுங்கியது. இப்படி வந்தவர்களில் அந்த மாதம் இவர் மூன்றாவது ஆள்.

அவருக்கு இருந்தது ஷோக்ரென் நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும், பெண்களுக்கே அதிகம். கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கக் கண்ணில் 5 நிமிடம் வைத்த தாள் அவருக்கு 2 மில்லிமீற்றர்தான் நனைந்தது, மிகக் குறைவு.

"தண்ணிதானே குறைவு டொக்டர், சொட்டு விட்டால் சரிதானே?" எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். சரியில்லை! கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள்தான் அதைத் தருகின்றன. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழே 20 முதல் 30 வரை. ஷோக்ரென் உள்ள பலருக்கு இவையும் அடைத்துக்கொள்கின்றன. எண்ணெய் இல்லாத கண்ணில் விடும் மருந்து சீக்கிரமே காய்ந்துவிடும். ஏசி அறையில் கேட்கவே வேண்டாம்.

நுவரெலியாக் குளிரில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் சொட்டும் விழாது. வெயிலில் வைத்தால் ஓடும். இமைக்கும் சூடுதான் வேண்டும். பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் துணியை நனைத்து, மூடிய இமை மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஆறினால் திரும்ப நனையுங்கள். அப்புறம் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுங்கள். தினமும். ஒரு கிழமையில் கைவிட்டுவிட்டு "சரிவரவில்லை" என்று வராதீர்கள். சொட்டு மருந்தையும் நிறுத்த வேண்டாம். நாளுக்கு 4 தடவைக்கு மேல் விடுபவர்கள் பதனப்பொருள் (மருந்து கெடாமலிருக்கச் சேர்ப்பது) சேராததைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டீரொய்ட் சொட்டைச் சீட்டில்லாமல் வாங்கவே கூடாது, கண் அழுத்தம் ஏறிப் பார்வை போகலாம். பன்னீர், தாய்ப்பால் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம், தயவுசெய்து.

பாண் துண்டை விழுங்கத் தண்ணீர் தேவைப்படுகிறதா? காலையில் விரல் மூட்டு விறைக்கிறதா? இவையும் ஷோக்ரென் அறிகுறியாக இருக்கலாம். கண் டொக்டரிடமும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை செய்து மூட்டுவாத நிபுணரிடம் அனுப்புவது எங்கள் வேலை. வாய் காய்வதைக் கண் பார்க்க வந்த இடத்தில் ஏன் சொல்வான் என்று அந்த அம்மா 4 வருடமாகச் சொல்லாமலே இருந்துவிட்டார்.