அகச்சிவப்பு நிறமாலையியல்: சொல்லும் மரநாரும்

அரைத்த மரத்தூளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரைப் பாய்ச்சி, அதில் எந்தப் பகுதியை மரம் விழுங்கிக்கொண்டது என்று பார்த்தால், நாரின் வேதி அமைப்பு ஒரு வரைபடமாக வந்து விழும். இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ராஸ்கோபி என்ற இந்த முறைக்குத் தமிழில் நிலைத்துவிட்ட பெயர் அகச்சிவப்பு நிறமாலையியல். பெயர் நிலைத்துவிட்டது என்பது உண்மை. அதன் இரண்டு பாதிகளும் கொஞ்சம் கோணல் என்பதும் உண்மை.

லத்தீனில் 'இன்ஃப்ரா' என்றால் கீழே. சிவப்பைவிட அதிர்வெண்ணில் கீழே இருப்பதால் இன்ஃப்ராரெட். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் வெயிலை முப்பட்டகத்தால் பிரித்து, நிறம் நிறமாக வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் சூடு இன்னும் கூடுதலாக இருந்தது. இன்ஃப்ராரெட் என்ற பெயர் அவர் வைத்ததல்ல; அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. அலைநீளத்தால் அளந்தால் இந்தக் கதிர் சிவப்புக்குக் கீழே இல்லை, அப்பால் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'உல்ட்ராரோட்', அதாவது சிவப்புக்கு அப்பால், என்ற பெயரும் வழங்கியது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கீழையும் தொடவில்லை, அப்பாலையும் தொடவில்லை. நமக்குப் பழகிய அகம்–புறம் இணையை எடுத்துக்கொண்டு புற ஊதா, அகச்சிவப்பு என்று பெயரிட்டன. காதுக்கு இனிமைதான். ஆனால் ஊதாவுக்கு வெளியே நிற்பது புற ஊதா என்றால், சிவப்புக்கு வெளியே நிற்பதும் புறச்சிவப்புதானே? சிவப்புக்கு உட்பக்கம் இருப்பது ஆரஞ்சு. இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'செங்கீழ்க் கதிர்' மூலச்சொல்லின் பொருளுக்கு இன்னும் நெருக்கம். பொருளை மட்டும் பார்த்தால் என் ஓட்டு அதற்கே. ஆனாலும் பள்ளிக்கூடம் வழியாக ஊறிப்போன அகச்சிவப்பை இனி பிடுங்கி நடுவதால் குழப்பம்தான் மிஞ்சும்.

இரண்டாம் பாதிக்கு வருவோம். ஸ்பெக்ட்ரம் என்ற லத்தீன் சொல்லுக்குத் தோற்றம் என்று பொருள். உருவெளித்தோற்றத்தையும் பேயுருவையும்கூட அது குறித்தது. நியூட்டன் 1672-இல் அச்சான தம் கட்டுரையில், முப்பட்டகத்திலிருந்து விழுந்த வண்ண வரிசைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். 'ஸ்கோபி' கிரேக்கம், நோக்குதல் என்று பொருள். நியூட்டன் கண்ட காட்சிக்கு நிறமாலை என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. சிக்கல், மூலச்சொல் பிறகு நிறத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டது. அகச்சிவப்பில் நிறமே கிடையாது. அதனால்தான் 2ஜி விவகாரத்தில் நம் செய்தித்தாள்கள் நிறமாலை ஏலம் என்று எழுதாமல் அலைக்கற்றை ஏலம் என்று எழுதின. இலங்கையில் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குத் திருசியமானி என்ற பெயர் உண்டு. திருசியம் வடசொல்தான்; ஆனால் மூலச்சொல்லின் 'பார்வைக்குரியது' என்ற பொருளை அது அப்படியே பிடித்திருக்கிறது.

மரத்துக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல், வைரம் (தண்டின் கெட்டியான பகுதி) உள்ளே இருப்பதை அகக்காழ் என்று சொல்லி மரத்தில் சேர்க்கிறது. வைரம் வெளியே இருப்பதைப் புறக்காழ் என்று சொல்லிப் புல்லில் சேர்க்கிறது. பனையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். (கதிரில் தடுமாறிய அகமும் புறமும் இங்கே எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கின்றன!) காழ் என்ற அந்த உறுதியில் பெரும்பங்கு வகிக்கும் வேதிப்பொருள் லிக்னின். மரம் என்ற பொருளுள்ள 'லிக்னம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து 1813-இல் தெ கந்தோல் என்ற சுவிஸ் தாவரவியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். மரநாரின் முதன்மைப் பொருளான செல்லுலோஸைப் பிரித்தெடுத்து 1838-இல் அடையாளம் காட்டியவர் அன்செல்ம் பாயென். லிக்னினைத் தமிழாக்க முயன்று மரப்பசை, மரப்பொருள் என்றெல்லாம் எழுதினால், பிசினா, பலகையா என்று படிப்பவர் கேட்பார். லிக்னின் என்றே விடுவது நல்லது.

நாரிலுள்ள அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வுக்கு ஒத்த கதிரை மட்டும் உட்கவர்கிறது. அதைக் குறிக்க அலைஎண் என்ற அளவு பயன்படுகிறது: ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை அடங்குகிறது என்ற எண். வரைபடம் பொதுவாக 4000-இலிருந்து 400 வரை ஓடும். 3300–3400 பக்கம் அகலமாகத் தெரிவது ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு. ஈரம் இருந்தாலும் இங்கே தெரியும் என்பதால் மாதிரியை நன்றாக உலர்த்திவிட்டுத்தான் அளப்பார்கள். 1735-ஐ ஒட்டி வருவது பெரும்பாலும், செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலியில் தொங்கும் அசிட்டைல் தொகுதி (அசிட்டிக் அமிலத்தின் துண்டு). 897-ஐ ஒட்டிய சிறு மேடு, செல்லுலோஸின் சர்க்கரை அலகுகளைக் கோக்கும் பீட்டா இணைப்பு. 1510 அருகே லிக்னினின் பென்சீன் வளையம், அதாவது ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்த வளையம். செல்லுலோஸில் அந்த வளையம் இல்லாததால், இந்த 1510-ஐத்தான் ஆய்வாளர்கள் முதலில் தேடுவார்கள்.

மரம் பூஞ்சையால் மக்கும்போது இது நன்றாக விளங்கும். பழுப்பு அழுகல் பூஞ்சைகள் செல்லுலோஸையும் ஹெமிசெல்லுலோஸையும் தின்று லிக்னினைப் பெரும்பாலும் மிச்சம் வைக்கின்றன. எனவே 1510 மற்றவற்றைவிட எடுப்பாகிறது. வெள்ளை அழுகல் பூஞ்சைகள் லிக்னினையே சிதைக்கக்கூடியவை. அங்கே அது தேய்கிறது. காகித ஆலையில் கூழ் காய்ச்சும்போதும் இதே தேய்மானம்தான். பைன் போன்ற மென்மரங்களின் லிக்னின் 1265 பக்கம் வலுவாகத் தெரியும்; தேக்கு, யூகலிப்டஸ் போன்ற வன்மரங்களில் 1325 பக்கமும் ஒன்று எழும்.

எழுதுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'பேண்ட்' என்பதைப் பட்டை என்று மாற்றுவது இயற்பியலில் சரி. மரத்தைப் பற்றிய கட்டுரையில் 'லிக்னின் பட்டை' என்று எழுதினால் மரப்பட்டை நினைவுக்கு வந்துவிடும். உட்கவர் முகடு என்பதே பாதுகாப்பு. (ஊடுருவிய ஒளியை வரைந்தால் அந்த முகடு தலைகீழாகப் பள்ளமாய்த் தொங்கும். ஆங்கிலத்திலும் அதை 'பீக்' என்றே சொல்கிறார்கள்; நாமும் சகித்துக்கொள்ளலாம்.) இன்னொன்று, ஃபைபர் என்றதும் இழை என்று எழுதிவிடும் பழக்கம். கண்ணாடிக்கு ஒளியிழை பொருந்தும். வாழையிலும் தென்னையிலும் நாம் உரிப்பது நார். மரத்திலும் அது மரநார்தான். "காரத்தில் ஊறவைத்த தென்னை நாரில் 1735-ஐ ஒட்டிய உட்கவர் முகடு மறைந்தது" என்று ஓர் ஆய்வேட்டில் எழுதலாம். அசிட்டைல் தொகுதி கழன்றுவிட்டது என்று வேதியியல் படித்தவர் புரிந்துகொள்வார். தமிழ் மட்டும் படித்தவருக்கும் அந்த வாக்கியம் இடறாது.